முகம் பார்க்காத மருமகனும் முன்சக்கரத்து முனகலும்

அர்லீன் அட்டீனிக்கு வண்டி என்றால் முதலில் காது, அப்புறம்தான் கை கால். ஓல்ஜாட்டோ பக்கத்துச் செம்மண் பாதைகளில் இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கியர் மாறும்போது வரும் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவாள். பின்சீட்டில் எந்தப் பிள்ளை யாரைக் கிள்ளியது என்பதையும் திரும்பாமலே சொல்லுவாள். அதற்குக் காரணம் காது இல்லை, தலைக்கு மேலிருந்த கண்ணாடி. கண்ணாடியைச் சரிபார்க்காமல் ஒரு நாளும் அவள் வண்டியை நகர்த்தியதில்லை. புதிதாக வேலைக்கு வரும் டிரைவர்களிடம், "கண்ணாடி பார்க்காதவன் நடந்து போகட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள்.

இப்படி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கண்ணாடியில் பிடித்தவள், சொந்த மருமகன் லைலின் முகத்தை மட்டும் பதினொரு வருஷமாகப் பார்த்ததில்லை. மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்தால் இரண்டு பேர் கண்ணும் கெட்டுப்போகும் என்பது அவர்கள் குலத்துப் பழைய நம்பிக்கை. இப்போது பாதிப்பேர் இதைக் கைவிட்டு, கடையில் மாமியாரும் மருமகனும் சேர்ந்து தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகிறார்கள். அர்லீன் விடவில்லை. அவளுடைய பெரியம்மா ஒரு கல்யாணக் கூட்டத்தில் தெரியாத்தனமாக மருமகனைப் பார்த்துவிட்டு, வயசான காலத்தில் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு திரிந்தாள். சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். அர்லீன் டாக்டருக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்து, இடுப்புப் பெல்ட்டில் ஒரு சின்ன வெள்ளி மணியைக் கட்டிக்கொண்டாள். மணிச்சத்தம் கேட்டால் லைல் விலகிப் போய்விடுவான். அவள் வீட்டுச் சுவரில் மகள் வெர்னாவின் கல்யாணப் போட்டோ தொங்குகிறது. அதில் மணமகளும் ஒரு ஆம்பளைத் தோளும் தெரியும். மீதி பின்னால் மடிக்கப்பட்டிருக்கிறது.

இதில் கூத்து என்னவென்றால், இரண்டு குடும்பமும் ஒரே முற்றத்தில்தான் குடியிருந்தது. இந்தப் பக்கம் அர்லீனும் அவள் புருஷன் வில்ஃபர்டும் இருக்கும் வீடு, அந்தப் பக்கம் லைலும் வெர்னாவும் இருக்கும் டிரெய்லர் வீடு, நடுவில் ஆட்டுப்பட்டி. அர்லீன் மருமகனைக் காதால் தெரிந்துவைத்திருந்தாள். இடது பூட்ஸை லேசாக இழுத்து நடப்பான். ஸ்பேனர் கைநழுவினால் ஸ்பேனரிடமே மன்னிப்புக் கேட்பான். அவன் பேரை அவள் சொல்ல மாட்டாள், மாப்பிள்ளை என்றும் சொல்ல மாட்டாள். "வெர்னா வீட்டு ஆளு" என்பாள், அவ்வளவுதான்.

வெள்ளை பிக்கப் வண்டி அர்லீனுடையது. வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. வருஷத்தில் முக்கால்வாசி அது வெறும் மணல், மழைக்காலத்தில் நம்ப முடியாது. வில்ஃபர்டுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதும் திங்கள், புதன், வெள்ளி பக்கத்து டவுன் கயென்டாவுக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் உட்கார வேண்டியதாகிவிட்டது. வழி ஈரமாக இருந்தால் ஆஸ்பத்திரி வேன் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். அதனால் லைல் வண்டியை உயர்த்திக் கொடுத்தான். ஸ்பிரிங்கை மாற்றி, முன்பக்கத்தை ஒரு சாண் தூக்கி, பெரிய டயர் போட்டான். கயென்டா ஒர்க்ஷாப்பில் அவனுக்கு அதுதான் வேலை.

"இனிமே ஏணி வச்சுத்தான் ஏறணும்" என்றாள் அர்லீன். ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க ஓடை வண்டியைத் தொட முடியவில்லை. வெர்னா மூலமாக ஒரு ஆட்டுத்தொடையை டிரெய்லருக்கு அனுப்பினாள். அது நன்றி.

இந்தக் கோடையில்தான் முனகல் ஆரம்பித்தது. தார் ரோட்டில் நாற்பது மைல் வேகத்தைத் தொட்டதும் இடது முன்சக்கரத்துப் பக்கமிருந்து வூம், வூம் என்று ஒரு சத்தம். பாதம் வைக்கும் இடத்தில் அதிர்வு. அர்லீனுக்கு அது பிடிக்கவே இல்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"வெர்னா, உன் வீட்டு ஆளுகிட்ட சொல்லு, வண்டி முனகுது. தார் ரோட்டுல மட்டும்தான். மண் ரோட்டுல ஒண்ணும் இல்ல."

வெர்னா டிரெய்லருக்குப் போய்ச் சொன்னாள். லைல் யோசித்துவிட்டு, "தார்ல மட்டும்னா டயர் சத்தம்தான். பெரிய டயரு, அப்படித்தான் பேசும். பயப்பட வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றான்.

வெர்னா திரும்பி வந்து சொன்னாள். அர்லீன் கேட்டுவிட்டு, "எனக்கு டயர் சத்தம் தெரியாதாமா? நான் ஓட்டினது என்ன தொட்டிலா?" என்றாள். அதை வெர்னா கொண்டுபோகவில்லை. கொஞ்ச நாளில் சத்தம் பெரிதாகி, மறுபடியும் தூது போனது. இந்தத் தடவை லைல் சக்கரத்துப் பேரிங் என்று முடிவுகட்டி, புதன்கிழமை அதிகாலையில் சக்கரத்தைக் கழற்றிப் பிரித்துவிட்டான். போல்ட் ஒன்று துருவேறி உடைந்தது. வண்டி மதியம் வரைக்கும் நகரவில்லை. வெர்னா அதற்குள் தன் சின்னக் காரில் வேலைக்குப் போய்விட்டாள், ஆஸ்பத்திரி வேனுக்கு முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும். வில்ஃபர்டின் புதன்கிழமை மெஷின் போயே போய்விட்டது. புதுப் பேரிங் போட்டு ஓட்டிப் பார்த்தால் முனகல் அப்படியே இருக்கிறது.

வில்ஃபர்ட் தமாஷ்காரர். "எனக்கு ஒரு நாள் லீவு கெடைச்சுது, மாப்ளேக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். வியாழக்கிழமை விடியும்போது அவர் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டதும் நர்ஸ் ஒரே வார்த்தைதான் சொன்னாள். வெள்ளிக்கிழமையும் தவறினால் தாங்காது.

அன்று காலை லைல் தானே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மாமியார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்கிற வழி இந்த உலகத்தில் அவனுக்கு இல்லை. அவளும் வில்ஃபர்டும் சொன்னதை எல்லாம் மனசில் ஓட்டிக்கொண்டே போனவனுக்கு, மண் ரோட்டில் நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுக்கும் குமிழைத் திருகும்போதுதான் பொறி தட்டியது. அர்லீன் தார் ரோட்டை விட்டு இறங்கியதுமே அந்தக் குமிழைத் திருகிவிடுவாள். இருபது வருஷப் பழக்கம், மூச்சு விடுகிற மாதிரி, அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. தார் ரோட்டில் ஏறி, முனகல் வந்ததும் நாலு சக்கர ஓட்டத்துக்கு மாற்றினான். சத்தம் வாயை மூடிக்கொண்டது. மறுபடி இரண்டு சக்கரத்துக்கு மாற்றினான். வூம்.

இப்போது அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முன்சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் கூடு, டிஃபரன்ஷியல், அதன் இடது வாயில் ஒரு சின்ன ஊசிப் பேரிங் இருக்கிறது. வண்டியைத் தூக்கினால் சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் சரிவாக நிற்கும். அந்தச் சரிவில் ஆக்சிலின் முனை பேரிங்குக்குள் ஆடும். கயென்டாவில் டூரிஸ்டுகளின் உயரமான வண்டிகளுக்கு இதைத் தன் கையாலேயே பார்த்திருக்கிறான். பேரிங்கை உருவி எறிந்துவிட்டு, ஆடாமல் பிடிக்கிற முழு உலோகப் புஷ் ஒன்றை அடித்து இறக்கினால் தீர்ந்தது. வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தான். எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் அடைப்பான ஆயில் சீலையும் அந்த ஆட்டம் தின்றிருந்தது. எண்ணெய் சொட்டி அடித்தகடெல்லாம் கறுப்பு. இதற்கு மேல் ஓட்டினால் கூடு காய்ந்து போய் வழியிலேயே இறுகி நின்றுவிடும்.

வண்டியைத் தூக்கினதும் அவன்தான். சக்கரத்தை வீணாகப் பிரித்து மாமாவின் புதன்கிழமையைத் தின்றதும் அவன்தான். மெதுவாக ஊர்ந்து ஒர்க்ஷாப் போனான்; அங்கே இடம் காலியில்லை. அலமாரியில் கிடந்த புஷ்ஷையும் ஒரு சீலையும் கேட்டு வாங்கி, கூட்டில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, மீதிக் கியர் ஆயிலோடு வீட்டுக்கு வந்து, முற்றத்திலேயே வேலையை ஆரம்பித்துவிட்டான்.

அர்லீன் ஜன்னல் போர்வையை இழுத்துவிட்டு உள்ளே இருந்து கேட்டாள். ஜாக்கி ஏறும் சத்தம். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டைப் பலகை மேல் வைக்கும் சத்தம். கழற்றின சக்கரம் உருண்டு, வண்டிக்கு அடியில் தொப்பென்று விழும் சத்தம். அதைக் கேட்டு அவள் தலையாட்டினாள். அவளும் பஸ்ஸுக்கு அப்படித்தான் செய்வாள், ஸ்டாண்டை மட்டும் நம்பிப் படுக்க மாட்டாள். அப்புறம் சுத்தியல், கெட்ட வார்த்தை, சுத்தியலிடம் மன்னிப்பு.

"பேரிங்கு வந்துருச்சு" என்று வில்ஃபர்ட் நாற்காலியில் இருந்தபடி வர்ணனை சொன்னார். அவருக்கு ஜன்னலோரம் பார்க்கத் தடையில்லை. "புஷ்ஷு உள்ள போகுது. அழகாப் போகுது. மாப்ளே கெட்டிக்காரன்டி."

"கெட்டிக்காரன் புதன்கிழமை எங்க போயிருந்தான்?"

"உன்னைக் கேட்டா நீ என்ன சொன்னே? மண் ரோட்டுல ஒண்ணும் இல்லன்னே. நாலு சக்கர ஓட்டத்துக்கு மாத்தறதைச் சொன்னியா?"

விஷயத்தை வெர்னா காலையிலேயே அர்லீனிடம் சொல்லியிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது தானும்தான் என்று அவளுக்குச் சுருக்கென்று குத்திக்கொண்டே இருந்தது.

மத்தியானம் தெற்கே மேகம் திரண்டது. அப்போதுதான் சீல் கோணலாக இறங்கிக் கிழிந்தது. லைல் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லாமல் இருந்தான். அதைக் கேட்டு அர்லீனுக்குப் பயம் வந்தது. வெர்னா தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு இன்னொரு சீலுக்குக் கயென்டா பறந்தாள்.

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. முதலில் பெரிய துளிகள், அப்புறம் வானத்தைக் கவிழ்த்த மாதிரி. டிஃபரன்ஷியல் வாய் திறந்து கிடக்கிறது. மணலும் தண்ணீரும் உள்ளே போனால் புதுப் புஷ்ஷும் பாழ், வெள்ளிக்கிழமையும் பாழ். லைல் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்தான். கூரைத் தண்ணீர் முற்றத்தில் வாய்க்காலாக ஓடி, நேராக ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த பலகையை அரித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அர்லீன் கேட்டது ஒரே சத்தம். இரும்பு சரிகிற ஒரு கிறீச், உடனே ஒரு கனத்த மொத்தல். மொத்தலில் ரப்பர் இருந்தது. வண்டியின் அடிச்சட்டம் தரையில் விழவில்லை, சக்கரத்தின் மேல் விழுந்திருக்கிறது. அது காதில் விழுந்த நொடியில், ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் அவன் கத்தினான்.

வில்ஃபர்ட் தடியை ஊன்றிக் கதவுக்கு வந்தார். "கை மாட்டிருச்சு" என்றார். "சட்டத்துக்கும் டயருக்கும் நடுவுல கை. அர்லீன், தண்ணி அவன் பக்கமா ஓடுது. மல்லாக்கக் கெடக்கான்." தடியோடு ஒரு படி இறங்கப் பார்த்தார். வீங்கிய கால் மடங்கி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அடுத்த வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். பெரியம்மா சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது அர்லீனின் கண்ணில் தெரிந்தது. இந்தக் கண் போனால் வில்ஃபர்டை யார் ஓட்டிக்கொண்டு போவது? இந்தக் கை போனால் வெர்னா என்ன ஆவாள்? அவள் நின்று யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கதவில் கை வைத்து ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு தலைத்துண்டைப் புருவத்துக்குக் கீழே, தன் கால் மட்டும் தெரிகிற அளவுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். இடுப்பில் மணி குலுங்கியது.

மணிச்சத்தம் கேட்டதும் வண்டிக்கு அடியில் முனகல் நின்றது.

"மாமா" என்று லைலின் குரல் வந்தது. "நான் கண்ணை மூடிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"கண்ணை மூடிட்டானாம்" என்றார் வில்ஃபர்ட்.

"எனக்குக் காது இருக்கு" என்றாள் அர்லீன்.

"மாமா, ஜாக்கி வேலியோரம் சாஞ்சிருக்கு. முன் பம்பருக்கு அடியில வைக்கச் சொல்லுங்க. வெறும் மணல்ல வேணாம், பொதைஞ்சிரும்."

"பம்பருக்கு அடியிலயாம். மணல்ல வேணாமாம்."

அர்லீன் வேலியைத் தடவி ஜாக்கியைக் கண்டுபிடித்தாள், ஆள் உயரத்து இரும்பு. அடியில் போடப் பலகை வேண்டும். இருந்த ஒரே பலகை ஆட்டுப்பட்டிக் கதவு. அதன் கம்பியை முறுக்கிப் பிய்த்துக் கதவை இழுத்துக்கொண்டு வந்தாள். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மழைக்குள் கிளம்பிவிட்டன.

"ஆடு போகுது" என்றார் வில்ஃபர்ட், பழக்கத்தில்.

"போகட்டும்."

பலகையைப் போட்டு, ஜாக்கியை நிறுத்தி, கொக்கியைப் பம்பரில் மாட்டக் குனிய வேண்டும். குனிந்தால் அவன் முகம் இருக்கிற பக்கம். அவள் தலைத்துண்டை அவிழ்த்து, மடித்து, கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இப்போது தன் காலும் தெரியவில்லை. கொக்கி கவ்வியதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு, நெம்புகோலைப் பிடித்து அழுத்தினாள். டக் என்று ஒரு பல் ஏறியது. இன்னொன்று. இந்த ஜாக்கியின் கோல் கைநழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும், அதுவும் அவளுக்குத் தெரியும்.

"மாமா, இன்னும் மேலே" என்றான் லைல். வார்த்தைக்கு நடுவில் தண்ணீரைத் துப்பினான். காதுவரை வந்துவிட்டது போலிருக்கிறது.

வில்ஃபர்ட் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மூச்சு முட்டி, இருமி, நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து இடி முழங்கியது. அது ஓய்ந்தபோது நடுவில் பேச ஆள் இல்லை. மழை மட்டும் இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒருவன், அவர்களுக்கு நடுவில் ஒரு வண்டி.

சட்டம் அவன் கையை விட்டு எழும்பியதா இல்லையா என்று அவளால் பார்க்க முடியாது. ஒரு பல் அதிகமாக ஏற்றினால் வண்டி பக்கவாட்டில் சரியும். குறைவாக ஏற்றினால் கை வராது. அவன் சொன்னால்தான் உண்டு, அவன் சொல்ல வேண்டுமென்றால் அவள் கேட்டால்தான் உண்டு.

"இப்பவா?" என்றாள் அர்லீன்.

வண்டிக்கு அடியில் இடது பூட்ஸ் ஒரு தடவை மணலைத் தேய்த்து நின்றது. அவன் திகைத்துப்போய்க் கிடக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அப்புறம் மெதுவாக, "இன்னும் கொஞ்சம்" என்றான்.

டக்.

"இப்பவா?"

"இன்னும் ஒண்ணு."

டக். பலகை முனகியது. அர்லீன் தன் முழுக் கனத்தையும் கோலின் மேல் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ" என்றான்.

"இழு" என்றாள்.

ஈர மணலில் ஒரு உடம்பு தேய்ந்துகொண்டு வெளியே வரும் சத்தம் கேட்டது. இடது பூட்ஸ் இழுபட்டது. அது டிரெய்லர் படிவரைக்கும் போய், படியில் உட்காரும்வரைக்கும் அவள் கோலை விடவில்லை. பதினொரு வருஷத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

மழை அடங்கும் நேரத்தில் வெர்னா வந்தாள். ஓடை பொங்கிவிட்டதால் காரை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, தொடைவரைக்கும் தண்ணீரில் நடந்து, சீலைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். புருஷனின் மணிக்கட்டு வீங்கி ஊதாவாக இருந்ததைப் பார்த்ததும் அழுதாள். அழுதுகொண்டே ஒரு மரக்கரண்டியை வைத்துக் கட்டுப் போட்டாள்.

"கை கெடக்கட்டும். மத்ததை யாரு போடறது?" என்றான் லைல். "விடிஞ்சா வெள்ளிக்கிழமை."

"நான் போடறேன்னு சொல்லு" என்றாள் அர்லீன் வீட்டுக்குள்ளிருந்து.

லைல் டிரெய்லர் படியில் முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அர்லீன் ஜாக்கிக்குப் பக்கத்தில் பட்டிக் கல்லையெல்லாம் அடுக்கி, ஸ்டாண்டைக் கெட்டியான இடத்துக்கு மாற்றிவிட்டு அடியில் நுழைந்தாள். நடுவில் வெர்னா நின்று வார்த்தையைக் கைமாற்றினாள்.

"உள்ள தொடைச்சுப் பாக்கச் சொல்லு, மணல் இருக்கான்னு."

"பை கட்டியிருக்கு. ஒரு பொட்டு மணல் இல்லன்னு சொல்லு." அந்தப் பையை இறுக்கிக் கட்டி முடித்த பிறகுதான் அவன் மாட்டியிருக்கிறான். அர்லீனுக்கு அந்த முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சீலை ஒரே பக்கம் அடிக்க வேணாம், சுத்திச் சுத்தித் தட்டச் சொல்லு. ஆக்சிலைத் தள்ளும்போது முனையில இருக்கற வளையத்தோட வாய் கீழ பாக்கணும். சீல் உதட்டுல எண்ணெய் தடவிக்கச் சொல்லு, இல்லன்னா இதுவும் கிழியும்."

அவள் சுற்றிச் சுற்றித் தட்டினாள். அவன் சத்தத்தைக் கேட்டு, "நேரா எறங்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆக்சில் உள்ளே போய் டொக்கென்று உட்கார்ந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சக்கரம் ஏறிவிட்டது. புது எண்ணெய் நிரப்பும் துளை வழியாக வழிந்தது. இது பிடிக்குமா, நாளைக்குப் பாதி வழியில் பிரிந்து கொட்டுமா என்று மட்டும் ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஓடை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் ஓடை இறங்கி, சேறு மட்டும் மிச்சம் இருந்தது. வில்ஃபர்டை இரண்டு பெண்களுமாகத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். அவர் உதடு வெளுத்திருந்தது, தமாஷ் எதுவும் வரவில்லை. லைலின் கைக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் வெர்னாவின் கார் நிற்கிறது, அதில் வா என்றாள் வெர்னா.

"நான் பிக்கப்போட பின்தட்டுல வரேன்" என்றான் லைல். "போர்வையைப் போத்திக்கிட்டு, முதுகைக் காட்டி உக்காந்துக்கறேன்."

"கை ஒடைஞ்சு கெடக்கு, குலுங்கிச் சாகப் போறியா?"

"நீ சொல்லி, மாமா சொல்லிக் கேட்டது போதும் வெர்னா. இந்தச் சத்தத்தை இந்தத் தடவை நானே கேக்கணும்."

அது வீட்டுக்குள் அர்லீனுக்கும் கேட்டது. அவன் ஏறி உட்காருகிற சத்தம் அடங்கும்வரைக்கும் காத்திருந்து, மணி குலுங்க வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். கை பழக்கத்தில் மேலே கண்ணாடிக்குப் போனது. பாதியில் நின்றது. பின்தட்டு முழுக்க அதில்தான் தெரியும். அர்லீன் கண்ணாடியைப் பிடித்து, கூரையைப் பார்க்கும்படி முழுசாகத் திருப்பிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஓடைச் சேற்றில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. முனகல் இல்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, நாலு சக்கர ஓட்டத்தில் அது எப்போதும் வாயைத் திறந்ததில்லை. வெர்னா தன் காரில் பின்னால் சேர்ந்துகொண்டாள். தார் ரோடு வந்ததும் அர்லீன் வண்டியை நிறுத்தி, குமிழை இரண்டு சக்கரத்துக்குத் திருகினாள். வில்ஃபர்ட் கண்ணை மூடி, மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார்.

இருபது. முப்பது. முப்பத்தைந்தில் அவள் பாதத்தைக் கெட்டியாக ஊன்றிக்கொண்டாள். நாற்பது. டயர் தாரில் உருளும் சத்தம் கேட்டது. வில்ஃபர்டின் மூச்சுச் சத்தம் கேட்டது. தன் இடுப்பு மணி இவ்வளவு சின்னச் சத்தம் போடும் என்பது வண்டிக்குள் இன்றைக்குத்தான் தெரிந்தது. ஐம்பது. பாதத்துக்குக் கீழே தகடு அசையாமல் இருந்தது. அடுத்த ஏற்றத்திலும், அதற்கடுத்த இறக்கத்திலும் அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

தலைக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னலை அர்லீன் ஒரு கையால், திரும்பாமல், நகர்த்தித் திறந்தாள். காற்று உள்ளே வந்தது. இப்போது யாரும் எதன் அடியிலும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. நடுவில் ஆள் வைத்துச் சொல்லலாம், கயென்டா போய் வெர்னாவிடம் சொல்லி அனுப்பலாம்.

"எனக்குக் கேக்கலை" என்றாள் முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே. "உனக்கு?"

பின்தட்டில் போர்வை சரசரத்தது.

"எனக்கும் கேக்கலை" என்றான் லைல்.

"கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

வில்ஃபர்ட் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். கயென்டாவின் தண்ணீர்த் தொட்டி தூரத்தில் தெரிந்தது. நேரம் இருந்தது.

"யாருகூடப் பேசிட்டு வரே?" என்றார்.

"மாப்பிள்ளைகூட" என்றாள் அர்லீன்.